குழந்தைக்குக் காய்ச்சல்: செப்சிஸை வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. சென்ற மாதம் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். புண் சீழ் பிடித்து, இரண்டு நாள் காய்ச்சலும் அடித்தது. மருத்துவர் தந்த மருந்தில் சரியாகிவிட்டது. அதே வாரம் என் அண்ணன் மகளுக்கு (ஆறு வயது) வாந்தியும் காய்ச்சலுமாகத் தொடங்கி, மறுநாளே "ரத்தத்தில் விஷம் பரவிவிட்டது" என்று ஐசியூவில் சேர்த்தார்கள். அவள் உடம்பில் ஒரு புண்கூட இல்லை. முதல் நாள் பார்த்த மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்றுதான் சொன்னாராம். பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் பழைய கலகலப்பு இல்லை, முடியும் கொட்டுகிறது. எனக்கு இரண்டு மாதக் கைக்குழந்தையும் இருக்கிறது. புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஓடினால்தான் ரத்தத்தில் விஷம் ஏறுகிறது என்கிறார் மாமியார். டிடி ஊசி போட்டிருந்தால் பயமே இல்லை என்கிறார் கணவர். காய்ச்சல் எத்தனை டிகிரிக்கு மேல் போனால் பயப்பட வேண்டும்?

பதில்: உங்கள் கைக்குழந்தைக்கு மட்டும் டிகிரிக் கணக்கு உண்டு. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 செல்சியஸ்) தொட்டுவிட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், நள்ளிரவானாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூத்தவனுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. 104 டிகிரி அடித்தும் ஓடி விளையாடும் பிள்ளைக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம்; 101 டிகிரியில் துவண்டு கிடக்கும் பிள்ளைக்குச் செப்சிஸ் இருக்கலாம். காய்ச்சலே இல்லாமல் உடம்பு சில்லிட்டுப் போய் 96.8 டிகிரிக்கு (36 செல்சியஸ்) கீழே இறங்குவது அதைவிட மோசமான அடையாளம். பார்க்க வேண்டியது குழந்தையின் மூச்சு, கை கால், விழிப்பு, சிறுநீர். இவற்றையும் ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட முடியாது. சில மணி நேரத்தில் எந்தப் பக்கம் போகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அண்ணன் மகளுக்குப் புண்ணே இல்லாமல் எப்படி வந்தது என்ற குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கிருமி புகும் வாசல் தோலில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குழந்தைகளுக்கு நுரையீரல், சிறுநீர்ப் பாதை, குடல், மூளை உறை, எலும்பு, மூட்டு என்று எங்கே தொற்று இருந்தாலும் அதிலிருந்து செப்சிஸ் வரலாம். தொற்றை எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, தன் சொந்த ரத்தக் குழாய்களையும் உறுப்புகளையுமே கெடுக்கத் தொடங்கும் நிலை அது. ரத்தக் குழாய்கள் கசிந்து தளர்கின்றன, உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆங்காங்கே நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. ரத்தத்தில் கிருமி இருந்தே தீர வேண்டும் என்பதுகூட இல்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் ஒன்றும் வளராமலேயே பல குழந்தைகளுக்குச் செப்சிஸ் இருக்கும். டெங்கு, இன்ஃப்ளூயன்சா போன்ற வைரஸ்களும் இந்த நிலைக்குக் கொண்டுபோகக்கூடும். 2017-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4.9 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் சுமார் 2 கோடிப் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆனாலும் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது இருக்காது. அதனால்தான் தவறவிடுவதும் எளிதாகிறது.

உங்கள் கணவர் சொல்லும் ஊசி டெட்டனஸை மட்டுமே தடுக்கும். புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகளும் செப்சிஸ் உண்டாக்கும் கிருமிகளும் டெட்டனஸ் கிருமியிலிருந்து வேறுபட்டவை. அவற்றின் மேல் அந்த ஊசிக்கு எந்த அதிகாரமும் இல்லை. செப்சிஸ் வாய்ப்பை உண்மையிலேயே குறைப்பவை நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாக்களுக்கும் தட்டம்மை, இன்ஃப்ளூயன்சா வைரஸ்களுக்கும் எதிரான தடுப்பூசிகள். இரண்டு பிள்ளைகளுக்கும் அட்டவணைப்படி போட்டிருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்லும் சிவப்புக் கோடு கற்பனை இல்லை. புண்ணிலிருந்து தொடையிடுக்கு அல்லது அக்குள் நோக்கி ஓடும் கோடு, நிணநீர்க் குழாய்களில் தொற்று ஏறுகிறது என்று காட்டுகிறது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டிய விஷயம்தான். ஆனால் கோடு இருப்பதால் மட்டும் செப்சிஸ் என்றாகிவிடாது. செப்சிஸ் வரும் பெரும்பாலான குழந்தைகளிடம் அப்படி ஒரு கோடே இருக்காது. கோட்டுக்காகக் காத்திருந்தால் நேரம்தான் போகும்.

நான்கையும் பார்க்கும் விதம்

மூச்சிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் வீட்டிலேயே எண்ணால் அளக்கக்கூடியது அதுதான். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிடுங்கள். வயிறும் மார்பும் ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கைக்குழந்தைகளிடம் கணக்குத் தவறும்; அவர்களின் மூச்சு சில வினாடி வேகமாக ஓடும், சில வினாடி நின்றே போகும், பிறகு மறுபடி ஓடும். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை அமைதியாக இருக்கும்போது 30-ஐத் தொடக்கூடாது. காய்ச்சல் உச்சத்தில் மூச்சு எல்லாக் குழந்தைக்கும் வேகமெடுக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகும் இந்த எண்ணிக்கையில் நின்றால்தான் சந்தேகம் வலுக்கும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிவது, மூக்குத் துவாரம் விடைப்பது, ஒவ்வொரு மூச்சை விடும்போதும் "ம்ஹ்… ம்ஹ்…" என்று முனகுவது ஆகியவை இருந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் தவறவிடும் மூச்சு வேறு ஒன்று. இருமல் இருக்காது, சளி இருக்காது, மார்பு குழியாது. ஆனால் மூச்சு மட்டும் வேகமாகவும் ஆழமாகவும் ஓடிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் போதாமல் திசுக்களில் சேரும் அமிலத்தை, கரியமில வாயுவை அதிகமாக வெளியேற்றி ஈடுகட்ட உடல் முயல்கிறது. 'சளி இல்லையே, காய்ச்சலில் இரைக்கிறது' என்று விட்டுவிடக்கூடாத மூச்சு இது.

அடுத்தது கை கால். உடம்பு கொதிக்கும்போது உள்ளங்கையும் பாதமும் சில்லென்று இருக்கிறதா? மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் தக்கவைக்க, தோலுக்கும் கை கால்களுக்கும் போகும் ஓட்டத்தை உடல் சுருக்கிக்கொள்கிறது. மார்பின் நடு எலும்பின் மேல் உங்கள் விரலால் 5 வினாடி மிதமாக அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். 3 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் ஓட்டம் குறைந்திருக்கிறது. மாநிறமோ கறுப்போ ஆன தோலில் இந்த வெளுப்பு சரியாகத் தெரியாது. விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். உதடு, நாக்கு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவை வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கின்றனவா என்பதையும் நல்ல வெளிச்சத்தில் கவனியுங்கள். தோலில் பளிங்குக் கல்லைப் போலத் திட்டுத் திட்டாக நிறம் கலங்கித் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரம் நலமான குழந்தைக்கும் கை கால் சில்லிடும், நிறம் திரும்பவும் தாமதமாகும். குளிரூட்டிய அறையிலும் அப்படித்தான். மறுபுறம், சில குழந்தைகளுக்குச் செப்சிஸின் தொடக்கத்தில் ரத்தக் குழாய்கள் விரிந்து, கை கால் கதகதவென்று சிவந்து இருக்கும். ஆகவே கை சூடாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, விழிப்பு. காய்ச்சல் பிள்ளை நிறையத் தூங்கும், அது தவறில்லை. எழுப்பினால் என்ன செய்கிறது என்பதே கேள்வி. முழுதாகக் கண் திறந்து, உங்களைப் பார்த்து, எரிச்சலாகவேனும் அழுது, தூக்கியதும் அடங்கினால் நல்லது. எழுப்ப எழுப்ப மறுபடி கண் செருகுவது, உங்கள் முகத்தில் பார்வை நிலைக்காமல் இருப்பது, கை கால் தொளதொளவென்று தொங்குவது, அழுகை பலவீனமான முனகலாகவோ வழக்கமில்லாத கீச்சுக் குரலாகவோ மாறுவது, தூக்கினாலும் தொட்டாலும் அடங்காமல் இன்னும் வீறிடுவது ஆகியவை மூளைக்கு ரத்தம் குறைவதையோ மூளை உறைத் தொற்றையோ காட்டலாம். கொஞ்சம் பெரிய பிள்ளை சம்பந்தமில்லாமல் பேசினால் 'காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறான்' என்று தள்ளிவிடாமல், காய்ச்சல் இறங்கிய பிறகும் பேச்சு தெளியவில்லை என்றால் உடனே கொண்டுபோங்கள். ஊசி போடும்போது திமிறி அழும் குழந்தை மருத்துவருக்கு ஒரு நல்ல செய்தி. சத்தமில்லாமல் ஊசியை வாங்கிக்கொள்ளும் குழந்தைதான் அவரைக் கவலைப்பட வைக்கும்.

சிறுநீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆறு டயப்பராவது நனைய வேண்டும். 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 12 மணி நேரம் என்றால் அது அவசரம். வாந்தி, வயிற்றுப்போக்கினால் நீர் வற்றினாலும் இப்படி ஆகும் என்பதால் இதை மட்டும் தனியாக வைத்துச் செப்சிஸ் என்று சொல்ல முடியாது.

இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏன் விட்டுவிட்டேன் என்று தோன்றலாம். கைக்குழந்தையின் நாடியை வீட்டில் சரியாக எண்ணுவது கடினம். ரத்த அழுத்தமோ குழந்தைகளுக்குக் கடைசியில்தான் சரியும். துடிப்பை வேகப்படுத்தியும் குழாய்களைச் சுருக்கியும் வெகு நேரம் தாக்குப்பிடித்து, பிறகு திடீரென்று விழும். "பிரஷர் நார்மல்" என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்புவதற்கு அதில் எதுவும் இல்லை.

புள்ளிகளும் கண்ணாடி டம்ளரும்

காய்ச்சலோடு தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால், அடிப்பக்கம் தெளிவாக உள்ள கண்ணாடி டம்ளரைப் புள்ளியின் மேல் நன்றாக அழுத்தி, அதன் வழியாகப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு அழுத்தத்தில் மறையும். மறையாமல் அப்படியே தெரிந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளி என்றாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். டயப்பருக்கு அடியிலும் காலுறைக்கு உள்ளேயும் பார்க்க மறக்கிறார்கள். கறுத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

இந்தச் சோதனைக்கு அளவுக்கு மீறிய பெயர் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம். புள்ளி இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மெனிங்கோகாக்கஸ் தாக்கிய குழந்தைகளைப் பற்றி 2006-ல் வெளியான ஆய்வில், கால் வலி, சில்லிட்ட கை கால், தோல் நிற மாற்றம் ஆகியவை நோய் தொடங்கிச் சுமார் 8 மணி நேரத்தில் தோன்றியிருந்தன. புள்ளிகள், கழுத்து விறைப்பு, நினைவு மங்கல் போன்ற பெயர்பெற்ற அறிகுறிகள் 13 முதல் 22 மணி நேரத்தில்தான் வந்தன. மற்ற கிருமிகளால் வரும் செப்சிஸில் புள்ளியே வராமலும் போகலாம். காய்ச்சலோடு பிள்ளை "கால் வலிக்கிறது" என்று அழுது நிற்கவோ நடக்கவோ மறுத்தால், விளையாடிய அலுப்பு என்று நினைக்காதீர்கள்.

முதல் நாள் பார்த்த மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்று சொன்னதற்கும் இதில் விடை இருக்கிறது. முதல் நான்கைந்து மணி நேரம் செப்சிஸும் சாதாரணக் காய்ச்சலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: காய்ச்சல், வாந்தி, பசியின்மை, சிணுங்கல். ரத்தப் பரிசோதனையும் அந்த நேரத்தில் கைவிடும், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற அளவு ஏறவே பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், காலையில் எடுத்தது சரியாக இருந்து மாலையில் எடுத்தது எகிறியிருக்கும். அப்போது சொன்னது அப்போதைக்குச் சரியாக இருந்திருக்கலாம். காலையில் காட்டிவிட்டோமே என்று மாலையில் போகாமல் இருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும். அன்றே இரண்டாவது முறை போவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பாரசிட்டமால் கொடுத்த பிறகு

மேலே சொன்ன நான்கையும் காய்ச்சல் உச்சத்தில் ஒருமுறை பாருங்கள், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டையும் நேரம் போட்டு எழுதி வையுங்கள். காய்ச்சல் இறங்கியதும் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, பொம்மையைத் தேடினால் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். காய்ச்சல் இறங்கியும் துவண்டே இருந்தால், மூச்சு குறையவில்லை என்றால், கை கால் சில்லிட்டே இருந்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது என்பதை நல்ல அறிகுறியாக எண்ணக்கூடாது. செப்சிஸிலும் பாரசிட்டமாலுக்குக் காய்ச்சல் இறங்கும். அதேபோல், காய்ச்சல் இறங்காமல் இருந்தும் பிள்ளை தெளிவாக இருந்தால் அது மட்டும் ஆபத்தைக் காட்டாது.

அளவில்தான் அடிக்கடி தவறு நடக்கிறது. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி.; இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம்; ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். உங்கள் மகனின் 14 கிலோவுக்கு 140 முதல் 210 மி.கி. ஆகிறது. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் அது 3 முதல் 4 மி.லி.; 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் ஏறக்குறைய 6 முதல் 8.5 மி.லி. ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. அடங்கிய சொட்டு மருந்தும் உண்டு. அதைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் படித்து, அளவுச் சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள். சமையலறைக் கரண்டி உதவாது. கைக்குழந்தைக்கு நீங்களாக எதுவும் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. சின்னம்மை போட்டிருக்கும்போதும் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும் ஐபுப்ரோஃபென் என்ற காய்ச்சல் மருந்து கூடாது. போன தடவை மீந்த ஆன்டிபயாடிக்கை எடுத்து ஊற்றுவதும் வேண்டாம்: அளவும் மருந்தும் பொருந்தாது, பிளட் கல்ச்சரில் கிருமி வளராமல் போய் மருத்துவர் திணற வேண்டியிருக்கும்.

புண் இருந்தால்

மகனுக்கு மறுபடி புண் சீழ் பிடித்தால், சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். சில மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். சிவப்பைவிட முக்கியமானது வலி. பார்ப்பதற்குச் சிறிய புண், ஆனால் தொட விடாமல் அலறும் வலி என்றால், தோலுக்கு அடியில் ஆழமாகத் தொற்று வேகமாகப் பரவுகிறது என்று அர்த்தமாகலாம். அதற்கு அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படும், நேரம் மிகக் குறைவு. சின்னம்மை போட்டு இறங்கும் சமயத்தில் விட்டுப்போன காய்ச்சல் திரும்ப வந்து, ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து வலித்தாலும் அதே எச்சரிக்கைதான்.

2012-ல் நியூயார்க்கில் பள்ளி விளையாட்டில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட 12 வயதுச் சிறுவனுக்குக் காய்ச்சலும் வாந்தியும் கால் வலியும் வந்தன. வயிற்றுக் கோளாறு என்று திரவம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் செப்சிஸில் இறந்துபோனான். மறு ஆண்டே அந்த மாநிலம், செப்சிஸை விரைவாகக் கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் நடைமுறை எல்லா மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வாந்தி முன்னால் நின்று மற்றவற்றை மறைத்துவிடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகளுக்கும் வாந்தியோடுதான் தொடங்கியிருக்கிறது.

கைக்குழந்தைக்கு

இரண்டு மாதக் குழந்தை நோயைச் சொல்லும் விதமே வேறு. பால் குடிப்பது குறைவதுதான் பெரும்பாலும் முதல் செய்தி: மார்பில் வைத்தால் சப்பாமல் தூங்கிவிடும், அல்லது வழக்கத்தில் பாதியோடு விட்டுவிடும். இரண்டு வேளை அப்படிப் போனால் மூன்றாவது வேளைக்குக் காத்திருக்காதீர்கள். தூண்டினால் மட்டும் அசைவது, அசையாமலே கிடப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைத்திருப்பது, மார்பு ஆழமாகக் குழிவது, பச்சை நிற வாந்தி, மூச்சு சில வினாடி நின்று நிறம் மாறுவது: உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப இவற்றில் ஒன்று போதும். பிறந்த சில வாரங்களுக்குள் தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தாலும் அப்படியே. இந்த வயதில் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் உடம்பு குளிர்ந்து போகலாம், 95.9 டிகிரிக்கு (35.5 செல்சியஸ்) கீழே போவது 100.4-ஐத் தாண்டுவதற்குச் சமமான ஆபத்து. டிஜிட்டல் தெர்மாமீட்டரை வியர்வை துடைத்த அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, ஒலி வரும் வரை பொறுங்கள். நெற்றியில் ஒட்டும் பட்டையை நம்ப வேண்டாம். தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் காய்ச்சல் வருவது சகஜம்தான். ஆனால் இந்த வயதில் அப்போதும் மருத்துவரைக் கேட்டுவிட்டே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை, மண்ணீரல் இல்லாத அல்லது வேலை செய்யாத பிள்ளை, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை, மார்பில் நிரந்தரக் குழாய் வைத்திருக்கும் பிள்ளை, சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளை ஆகியோருக்கும் காய்ச்சல் என்றாலே அவசரம்தான்.

மருத்துவமனையில்

"காய்ச்சலா இருக்கு, ரொம்ப டல்லா இருக்கான்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று மாலை 6 மணிக்குக் காய்ச்சல் தொடங்கியது. இன்று காலை 10 மணிக்குப் பாரசிட்டமால் 200 மி.கி. கொடுத்தோம். 11 மணிக்குக் காய்ச்சல் 99 டிகிரி, ஆனால் மூச்சு நிமிடத்துக்கு 48. நேற்று இரவுக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. எழுப்பினால் உடனே மறுபடி தூங்குகிறான்" என்று சொன்னால் வேலை பாதி முடிந்தது. "இது செப்சிஸாக இருக்க வாய்ப்புண்டா?" என்று நேராகவே கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பினால், எந்த மாற்றம் தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "என் பிள்ளை இதுவரை இப்படி இருந்ததே இல்லை" என்று தாய் சொல்வதைச் செப்சிஸ் வழிகாட்டிகளே ஓர் ஆபத்து அறிகுறியாகச் சேர்த்திருக்கின்றன. அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

மயங்கிய நிலையிலோ மூச்சுத் திணறலோடோ இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். வழியில் வாயில் எதுவும் ஊட்ட வேண்டாம், புரையேறும்; வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். விழிப்போடு பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு மட்டும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்.

உள்ளே வேகமாகப் பல வேலைகள் நடக்கும். 2020-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், அது இல்லாவிட்டால் தேவையான பரிசோதனைகளை முடித்து மூன்று மணி நேரத்துக்குள்ளும் ஆன்டிபயாடிக் தொடங்கச் சொல்கிறது. முடிந்தால் அதற்கு முன் பிளட் கல்ச்சர் எடுப்பார்கள், ஆனால் அதற்காக மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள். கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. திரவத்தைப் பகுதி பகுதியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் நாடி, மூச்சு, கல்லீரல் வீக்கம் பார்ப்பார்கள். அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். நரம்பு கிடைக்காமல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஊசி போட்டால் பதற வேண்டாம். அதிர்ச்சி நிலையில் நரம்புகள் ஒட்டிப்போகும். எலும்பு மஜ்ஜை வழியாக ஏற்றும் மருந்து அதே வேகத்தில் ரத்தத்தில் கலந்துவிடும்.

அண்ணன் மகளுக்கு முடி கொட்டுவது பெரும் நோய்க்குப் பிறகு சில வாரம், சில மாதம் கழித்து வருவதுதான், தானாக வளரும். விரல் நுனித் தோல் உரிவது, மாடி ஏறினால் களைப்பது, இரவில் அலறி எழுவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, படிப்பில் மனம் நிற்காதது ஆகியவையும் மாதக்கணக்கில் இருக்கலாம். பள்ளிக்கு முதலில் அரை நாள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வைக்கட்டும். மூளை உறைத் தொற்றும் சேர்ந்து இருந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்திருந்தால் நான்கு வாரத்துக்குள் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், இன்னும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே. ஓராண்டுக்குள் மறுபடி காய்ச்சல் வந்தால், சில மாதங்களுக்கு முன் செப்சிஸ் வந்தது என்பதை வாசலிலேயே, முதல் வாக்கியமாகச் சொல்லட்டும்.